உப்பள மேஸ்திரி வண்டிக்கு ஸ்டாண்டு

ஆவணி 9, வியாழன்

எண்ணூர் உப்பள மேஸ்திரியின் மோட்டார் சைக்கிளில் பின் ஸ்டாண்டு ஒடிந்துவிட்டது. எங்கள் நைனாவின் பட்டறையில் பழைய ஸ்டாண்டுகள் இரண்டு கிடந்தன. அண்ணன் உயரமானதை மாட்டினான். மேஸ்திரி ஒல்லி. எவ்வளவு இழுத்தும் வண்டி அதன்மேல் ஏறவில்லை.

"இன்னா மேஸ்திரி, கஞ்சி குடிக்கலியா?" என்று அண்ணன் சிரித்தான்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "உப்பளத்துல பஞ்சர் ஆனா ஒண்டியா இன்னா பண்ணுவேன்? வண்டியே வாணாம்பா, வித்துடறேன்."

வெளி ஆட்கள் முன் நான் வாய் திறப்பதில்லை. இன்று திறந்துவிட்டேன்.

"குட்டையானத மாட்டு நைனா. சக்கரம் நாலு விரல் தூக்க வாணாம், ஒரு விரல் போதும்."

நைனா மாட்டினார். "நீயே ஏத்திக் காட்டு."

ஸ்டாண்டைக் காலால் மிதித்துக்கொண்டு, கேரியரைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். வண்டி ஏறிவிட்டது. என் பழைய சிலேட்டைச் சக்கரத்தின் அடியில் விட்டேன். உரசாமல் போனது. பிறகு மேஸ்திரியும் தனியாகவே ஏற்றினார். இரண்டு முறை.

"ஆம்பளைங்க நடுவுல உனுக்கு இன்னா வேலை?" என்றாள் அம்மா. நைனா குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுதான் கொஞ்சம் சுட்டது.

படுக்கப் போகும்போது அண்ணன் கேட்டான்: "அந்த உயரமானது எந்த வண்டிக்குதான் ஆவும்?"

எனக்குத் தெரியும், சக்கரம் பெரிதாக இருக்கும் வண்டிக்கு. இன்னும் சொல்லவில்லை.