பதினெட்டு ஆம்பியர்

திண்டிவனம்,
சனிக்கிழமை.

அன்புள்ள தென்னரசுவுக்கு,

ஜெசிந்தா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அவ்வளவுதான். என் போனை நீ எடுப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

உன் முகவரி உன் அம்மா, அம்மணி அத்தை கொடுத்தது. போன ஞாயிற்றுக்கிழமை கோலியனூர் போயிருந்தேன். அத்தை கழனியில் மல்லாட்டைச் செடி பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "வாம்மா. நாலு மாசம் கழிச்சித்தான் வழி தெரிஞ்சிதா?" என்றார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே பேசினேன். நீ பூனாவில் ஏதோ கிடங்கில் பெட்டி தூக்குவதாகச் சொன்னார். பக்கத்தில் டை செய்கிற ஒரு டூல் ரூமில் ஸ்பார்க் மெஷினுக்கு உன்னைச் சோதித்துப் பார்த்து, பிடித்துப்போய், பழைய கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்களாம். "டிப்ளமா படிக்க வெச்சது பொட்டி தூக்கவா? நீ கூடத்தானே இருந்தே, என் புள்ள அப்பிடிப்பட்டவனா, சொல்லு" என்று கேட்டார். நான் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பதில் தெரியும். ஆனால் அதை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தை அந்த டூல் ரூமில் காட்டு. அதற்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் விடாமல் எழுதுகிறேன். தமிழ் தெரிந்த யாரோ ஒருவர் படித்து அவர்களுக்குச் சொல்ல முடிய வேண்டும்.

மார்ச்சில் நம்மிடம் வந்த வேலை மோட்டார் தகடு வெட்டும் அச்சு, டை. டங்ஸ்டன் கார்பைடு. எந்த டிரில்லும் அதில் இறங்காது. எண்ணெய்க்குள் முக்கி, எலெக்ட்ரோடிலிருந்து பொறி பாய்ச்சித் துளித்துளியாக அரித்து எடுக்க வேண்டும். ஸ்டீல் அளவுக்கு அது பொறுத்துக்கொள்ளாது. ஆம்பியர் ஏறினால், அதைவிட மோசமாக ஒவ்வொரு பொறியும் நிற்கும் நேரம் நீண்டால், மேல்பரப்பு உருகி உறையும்போது உள்ளே வெடிப்பு விடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நீ எழுதிய அளவு ஆறு ஆம்பியர், இருபத்தைந்து மைக்ரோ செகண்டு. ஜாப் கார்டில் உன் கையெழுத்தில் இருக்கிறது.

பத்து லட்சம் தகடு வெட்ட வேண்டிய டை நாலாயிரத்தில் பிளந்து திரும்பி வந்தது. முதலாளி நடராசன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "சீக்கிரம் கெளம்பணும்னு கரண்ட ஏத்தி உட்டிருக்கான். கழனி வெட்டற ஜனத்துக்கு வேகம் வரும், அளவு வருமா?" நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என் பெயர் ஜெசிந்தா என்பதால் அவர் என்னை வேறு ஜனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒலக்கூர் பக்கம் என் அப்பாவும் அதே கழனியைத்தான் வெட்டுகிறார். இரண்டு வருடமாக நான் அவரைத் திருத்தவில்லை. அன்றும் திருத்தவில்லை.

அதன் பிறகு அவர், "கரண்ட் போயி வந்தப்ப மெஷினாண்ட யாரு இருந்தது?" என்று கேட்டார். அந்த டை ஓடும்போது கரண்ட் போனதும் நீ விழுப்புரத்துக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தாய். உன்னை அனுப்பியதே அவர்தான். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. உன்னிடம் பதில் இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். ஒருவேளை நீயே ஏற்றியிருப்பாயோ என்றுகூட நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

உன்னை வேலையிலிருந்து அனுப்பியபின் அந்த மெஷினை எனக்குக் கொடுத்தார்கள். ஜூனில் ஒருநாள் கார்பைடு ஓடும்போது கரண்ட் போய் வந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தப் போனவள் தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். பதினெட்டு ஆம்பியர், இருநூறு மைக்ரோ செகண்டு. ஸ்டீலுக்காக மெஷினோடு வந்த அளவு. மெஷினுக்குள் இருக்கும் பேட்டரி செத்துப்போய், கரண்ட் போனால் நாம் போட்டது எல்லாம் அழிந்துவிடுகிறது. அந்த பேட்டரியை மாற்றச் சொல்லி நீ இரண்டு முறை எழுதிக் கொடுத்தது ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. எதிரே யாரும் கையெழுத்துப் போடவில்லை.

சோதித்துப் பார்த்தேன். உடைந்து கிடந்த கார்பைடில் நாலு துண்டு எடுத்தேன். முதல் துண்டு உன் அளவில். இரண்டாவதில் ஆம்பியர் ஆறு, நேரம் இருநூறு. மூன்றாவதில் ஆம்பியர் பதினெட்டு, நேரம் இருபத்தைந்து. நாலாவதில் இரண்டுமே ஏற்றி. கழுவி, சிவப்புத் திரவம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தேன். வெடிப்பு இருந்தால் சிவப்பு வெளியே கசியும். சூப்பர்வைசர் பாண்டுரங்கன் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா ஜெசி, பீசுக்கெல்லாம் நலங்கு வெச்சிக்கினு கீற? மாப்பிள்ள எந்த ஊரு?" என்றார். முதல் துண்டு வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதில் அங்கங்கே கோடு. மூன்றாவதில் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக இரண்டு. நாலாவது துண்டு முழுக்கச் சிவப்பு வலை. பிளந்த டையின் பாதி ஸ்கிராப் பெட்டியிலேயே கிடந்தது. அதற்கும் பூசினேன். நாலாவது துண்டும் அதுவும் ஒன்றுபோல இருந்தன.

அந்த டூல் ரூம்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆம்பியரை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், கைக்கு எட்டுகிற குமிழ். பொறி நிற்கும் நேரத்தை மாற்ற முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டும். காலையில் அவரே வந்து போட்டுவிட்டுப் போவார். என் சோதனையில் இருபத்தைந்து அவர் போட்டது, இருநூறு மெயினை அணைத்துப் போட்டதும் தானாக வந்தது. அவசரத்தில் நீ ஏற்றியிருந்தால் டை மூன்றாவது துண்டு மாதிரி இருந்திருக்கும். நாலாவது மாதிரி ஆக்க மெஷினால் மட்டும்தான் முடியும். கரண்ட் போய் வந்தபின் யாரோ பார்க்காமல் பொத்தானை அழுத்தினால் போதும்.

யாரோ இல்லை. நான்தான்.

நீ கிளம்பும்போது, "கரண்ட் வந்தா கார்டப் பாத்துட்டு ஆன் பண்ணு ஜெசி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். பாண்டுரங்கன், "ஜல்தி ஆன் பண்ணும்மா, டெலிவரி வண்டி நிக்குது" என்று கத்தினார். அது காரணம் இல்லை, திரும்பிப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும். அழுத்திவிட்டு, உனக்கு உதவி செய்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாகச் சாப்பிடப் போனேன். நாலு மணிக்கு வந்து, "அதுக்குள்ள முடிஞ்சிட்சா?" என்று கேட்டாய். கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது என்றேன். நீ டையை எடுத்துக் கையால் பாலிஷ் போட்டாய், மேலே பளபளவென்று ஆனது. வெடிப்பு அதற்கும் கீழே இருந்தது. முதலாளி கேட்டபோது நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது.

திங்கட்கிழமை இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அமைதியாகத்தான் பேசினார். "ஏம்மா, முடிஞ்சத எதுக்குத் தோண்டற? பையன் போய்ட்டான். உனக்குக் கல்யாணம் ஆவ வேணாமா? யாருக்காவ இந்தப் பேஜாரு?" என்றார். நானும் அந்தக் கழனி ஜனம்தான் சார் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த டீ டம்ளரைப் பார்த்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

நாலு துண்டுகளின் படமும், ஜாப் கார்டு நகலும், நான் எழுதிக் கொடுத்ததன் நகலும் இதோடு இருக்கின்றன. டை வாங்கிய கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஒன்றும் செய்யாமலும் விடலாம். இந்த ஊரில் ஒரு டை உடைந்தால் ஆளை மாற்றுவார்கள், பேட்டரியை மாற்ற மாட்டார்கள். என் போன் நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அந்த டூல் ரூம் மேனேஜர் எந்நேரமும் கூப்பிடலாம். இந்தியிலோ இங்கிலீஷிலோ தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவேன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. படுவாயா என்றும் தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லைப் பத்து முறை எழுதலாம். அதை வைத்து உனக்கு வேலை கிடைக்காது, அதனால் எழுதவில்லை.

அந்த வேலை உனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்கும். முதல் நாளே பேட்டரியைப் பார்க்கச் சொல். கரண்ட் போய் வந்தால் சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து போய் நீயே திரையைப் பார். நம்பி யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதே.

இப்படிக்கு,
ஜெசிந்தா