தர்சிக்காக நான் சொன்ன சாட்சி

எதிர்க்கதவில் இருந்த என்ரை பவானி அக்கா,

நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதம். இன்னும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஆளுக்குக் கூடுதலாகத்தான் சோறு போடுகிறேன். இவர் ட்ரக்கோடு மேற்கே போனால் இரண்டு கிழமைக்கு வீடு வருவதில்லை. மகன் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போய்விட்டான். கார் இல்லாத நான் அங்கே போவதென்றால் ஆரும் வந்து ஏற்றவேணும். அந்தச் சோற்றைச் சாப்பிட உங்கட மகள் தர்சி ஒருத்திதான் வந்துகொண்டிருந்தாள்.

அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் வாசியுங்கோ. தர்சி கனடாப் படையில், ஆமியில் சேர்ந்துவிட்டாள்.

அந்தச் சொல்லை உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. ஊரில் ஆமி செக்பொயின்ரில் உங்கட தம்பியை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸைப் போகச் சொன்னார்கள் என்று ஒரு தடவைதான் சொன்னீர்கள். பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை. ஆனால் மலிவு விற்பனையில் தர்சி ஆசையாக எடுத்த ஆமிப் பச்சை ஜக்கெற்றை, "உந்த நிறம் என்ரை வாசல்படி ஏறக்கூடாது" என்று திரும்பவும் கடைக் கம்பியில் கொழுவ வைத்தீர்களே. அரைவிலை. "விடுங்கோ அக்கா, பிள்ளை ஆசைப்படுது" என்றேன். நீங்கள் எங்கள் இரண்டு பேரையும் கடையை விட்டு இழுத்துக்கொண்டு வந்தீர்கள்.

நீங்களும் நானும் ஆங்கிலம் படித்த வகுப்பு நின்றுவிட்டது. அரசாங்கத்திடமிருந்து வருகிற காசு குறைந்துவிட்டதாம். ரீச்சர் கடைசி நாள் ஆளுக்கொரு பென்சில் தந்து அனுப்பினா. அதற்கடுத்த மாதம் அதே அறையில் ஆமிக்கு ஆள் சேர்க்கிற கூட்டம். தர்சி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வகுப்பில் நீங்கள் வழமையாக இருந்த கதிரைக்குப் பக்கத்தில் இருந்தேன். சம்பளம், படிப்புச் செலவு, பல்லுக்கும் கண்ணாடிக்கும் காசு என்று திரையில் காட்டினார்கள். வந்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைப்போல அடுக்குமாடிகளில் வாடகை கட்டுகிறவர்களின் பிள்ளைகள். பெரிய வீட்டுப் பிள்ளை ஒன்றையும் நான் காணவில்லை.

அங்கே சும்மா தந்த துணிப்பையில் அடுத்த நாள் தேங்காயும் வாழைப்பழமும் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டேன். பையில் ஆமியின் சின்னம் இருந்ததைக் கவனிக்கவில்லை. ஐயர் பார்த்துவிட்டு, "என்ன மனோ, முருகன் ஏற்கெனவே சேனாபதி. அவருக்கும் போர்ம் நிரப்பக் கொண்டு வந்தனீங்களோ?" என்றார். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கார்கள் நிற்கிற இடத்தில் போய் நின்று அழுதேன்.

படைக்கு இனிக் கூடுதலாகச் செலவழிக்கப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வகுப்பு நின்றதற்கும் அதற்கும் தொடர்பு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக் கணக்குக் கொப்பி எழுதுகிறவளுக்கு ஒன்று தெரியும். ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கத்தில் கை வைக்கத்தான் வேணும். ஆருடைய பக்கத்தில்?

"உன்ரை அம்மா இருந்தா விடுவாவோடி?" என்று தர்சியைக் கேட்டேன்.

"அன்ரி, இது அந்த ஆமி இல்லை."

"எந்த ஆமியெண்டாலும் காலிலை சப்பாத்துச் சத்தம் ஒண்டுதான் பிள்ளை."

"அப்ப வீட்டு ரென்ற் ஆர் கட்டுறது? என்ரை சம்பளத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கோ."

போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதுதான் எனக்குக் கோபம்.

பிறகு ஆமியில் அவளைப் பற்றி விசாரிக்கச் சாட்சிக்கு என்ரை பெயரைத்தான் கொடுத்தாள். "வேறை ஆர் அன்ரி என்னைச் சின்னனிலையிருந்து தெரிஞ்சவை?" ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆமியிலிருந்து போன் வந்தது. ஒரு குறை சொன்னால் போதும், பிள்ளை எதிர்க்கதவிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் போன் வந்த நேரம் நான் விளக்கேற்றிக்கொண்டு நின்றேன். சாமிப் படத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

"அவள் எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறாளா?" என்று அந்த மனிசன் கேட்டார். ஓம் என்றேன். தாய்க்குச் சொன்ன ஒரே பொய், எட்டு மாதமாய்.

உங்களுக்கும் அதை இப்போதுதான் சொல்கிறேன். நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு தர்சி கொலிஜுக்குப் போகவில்லை அக்கா. போனது வெயார்ஹவுஸுக்கு, பெட்டி அடுக்க. பஸ்ஸில் கண்டுபிடித்த என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். உங்களுக்குத் தெரிந்திருந்ததோ? ஒருநாள் அவளுடைய உள்ளங்கையைத் தடவிக்கொண்டு, "படிக்கிற பிள்ளையின்ரை கை ஏன் இப்பிடிச் சொரசொரக்குது?" என்றீர்கள். பிறகு கேட்கவேயில்லை.

அந்த மனிசன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நன்றி சொன்னார். நான் விடவில்லை. "பிள்ளையைத் திருப்பித் தருவீங்களோ?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். பெரும்பாலான வேலைகள் நாட்டுக்குள்தான் என்றார். "நான் கேட்டது அது இல்லை. நான் உழைக்கிறதில்லை, ஆனா சவர்க்காரம் வாங்கினாலும் வரி கட்டுறன். அவள் போடப்போற சப்பாத்திலை என்ரை காசும் கிடக்கு. எனக்குப் பதில் வேணும்." அந்த ஒன்றுக்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

போன மாதம் கியூபெக்குக்குப் பயிற்சிக்குப் போய்விட்டாள். உங்கட வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உங்கட சாமிப் படங்கள் என்ரை படங்களோடு இருக்கின்றன. எதிர்க்கதவில் புது ஆட்கள், லிப்ற்றில் கண்டால் தலையாட்டுவார்கள். அந்தக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் இன்னும் எழும்பிப் போய்க் கதவு ஓட்டையால் பார்க்கிறேன். ஆரைப் பார்க்கிறேன்?

உங்கட ஆண்டுத் திவசத்துக்கு அவளுக்கு லீவு கிடைக்காது. நான் சமைத்துப் படைப்பேன். எங்கட தொகுதி எம்.பி.க்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவேன்: என்ரை பிள்ளை எங்கே நிற்கிறாள், எதற்காக நிற்கிறாள், எங்கட வகுப்பு எப்போது திறக்கும்? ரீச்சர் தந்த பென்சில் இருக்கிறது.

லீவு கிடைத்தால் அவள் வேறெங்கே வருவாள் அக்கா? அந்தப் பச்சைச் சட்டையோடு வந்தாலும் வருவாள். உங்கட வாசல்படி அது ஏறவில்லை. ஏறப்போவது என்ரை வாசல்படி. நான் கதவைத் திறப்பேன். சோறு போடுவதற்கு முதல் அவளுடைய உள்ளங்கையை விரித்துப் பார்ப்பேன், உங்களுக்காகவும். இதற்கு நீங்கள் என்னோடு கோவிக்கக்கூடாது.

உங்கட எதிர்க்கதவுத் தங்கச்சி,
மனோ
வெக்ஸ்போர்ட்