பூஜை நாளின் பூச்சியம்

நாள் 611, காலை 7.10
காற்று சுத்தம் என்கிறது கருவி. இல்லை என்கிறது குழந்தைகளின் மூச்சுப் பரிசோதனை. இரண்டும் நாங்களே எடுத்த அளவுகள். எதை நம்புவது?

இதைக் கண்டெடுப்பவருக்கு: இது செவ்வாயில் மூடிய ஒரு குடியிருப்பு. மாங்கனீசு உருக்கும் உலை ஒன்று இருக்கிறது. அதை ஒரு நிறுவனம் நடத்துகிறது. அந்த நிறுவனத்தின் தயவில்லாமல் காற்றையும் உடல்நலத்தையும் அளக்கப் பல்கலைக்கழகம் அமைத்த மையம் எங்களுடையது. நானும் நர்ஸ் எஸ்தரும் மட்டும்.

தூசி வரம்புக்குள். வடிகட்டி மாற்றியாயிற்று.

நாள் 612, பகல் 11.40
பள்ளியிலிருந்து எஸ்தர் வானொலியில்: "மேடம், உங்க மிஷின் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்கதான் ரிப்பேர். எங்க பியூலா ரெண்டு வரி பாடுறதுக்குள்ள மூச்சு வாங்குறா."

பியூலா அவர் மகள். ஏழு வயது. சளியாக இருக்கலாம் என்று பதில் சொன்னேன். கருவி காட்டாத ஒன்றை நம்புவது என் வழக்கமில்லை.

நாள் 614, மாலை 4.05
கருவிக்கு ஆண்டுக்கொருமுறை பூச்சியம் குறிக்க வேண்டும். உலை நின்று காற்று தெளிந்த நாளில்தான் முடியும். அப்படி ஒரு நாள்தான் உண்டு: ஆயுதபூஜை. உலையை அணைத்துக் கழுவி, கதவில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அன்றைய காற்றே எங்கள் பூச்சியம். அதற்கு மேல் இருப்பதைத்தான் கருவி தூசி என்று எண்ணும்.

இந்த ஆண்டுப் பூஜையன்று நிறுவனம் அனுப்பிய வாழ்த்துப் படம் என் சுவரில் இருக்கிறது. கற்பூரம் எரிகிறது. கதவில் சந்தனப் பொட்டு கருகியிருக்கிறது.

அணைந்த உலையில் சந்தனம் கருகாது.

தூசி பறந்த காற்றைப் பூச்சியம் என்று குறித்திருக்கிறேன். அவர்கள் கொடுத்தனுப்பிய பொரியையும் தின்றிருக்கிறேன்.

நாள் 614, மாலை 5.30
உலை மேலாளர் கார்மேகத்தைக் கேட்டேன். பதில்: "டாக்டரம்மா, அணைச்சா திரும்பச் சூடேத்த ஒரு வாரம் ஆகும். இந்த வருஷம் தணிச்சுத்தான் வச்சிருந்தோம். சாமியே கோவிச்சுக்கல, உங்களுக்கென்ன?"

போன ஆண்டுப் பூச்சியத்தை வைத்துத் திரும்பக் கணக்கிட்டேன். பள்ளிக் காற்றில் தூசி வரம்பைவிட மூன்று மடங்கு.

நாள் 615, காலை 10.20
கணக்கை அனுப்பியதற்குப் பூமியிலிருந்து பல்கலைக்கழகப் பதிவாளரின் பதில்: "குழு கூடும்வரை அபாயச் சங்கை ஒலிக்க வேண்டாம். நிறுவனத்துடன் நல்லுறவு முக்கியம்."

நல்லுறவு. பியூலா இன்று பள்ளிக்குப் போகவில்லை; எஸ்தர் அவளை எங்கள் மையத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், உட்கார்ந்தே தூங்குகிறாள். இவர்கள் குழு கூட்டட்டும். அந்த அறையில் இந்தக் காற்றை நிரப்பிக்கொண்டு கூட்டட்டும்.

சங்கு ஒலித்தால் உலை நிற்க வேண்டும். விதி அது. யார் நிறுத்துவார்கள், தெரியாது. நாளை பள்ளி திறக்குமுன் ஒலிப்பேன்.

நாள் 616
நடந்தது இது.

சங்கை ஒலித்தேன். கார்மேகம் ஒலிபெருக்கியில், "ஒத்திகைதான், வேலையைப் பாருங்கப்பா" என்றார். யாரும் வேலையைப் பார்க்கவில்லை. எல்லார் வீட்டிலும் இருமல் இருந்தது. உலையில் வேலை செய்யும் எஸ்தரின் கணவர் ஞானதுரை, உலைக்குப் போகும் எரிவாயுக் குழாயை மூடினார். கார்மேகம் திறக்கப் போனபோது ஆட்கள் வழிவிடவில்லை.

பதிவாளர் என்னைப் பணிநீக்கம் செய்திருக்கிறார். அடுத்த கப்பலில் வேறு ஆள் வருகிறார்.

மாலையில் உலை குளிர்ந்தது. கதவைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, பூச்சியத்தைப் புதிதாகக் குறித்தேன். இந்த முறை பூச்சியம் பொய்யில்லை. காற்று சுத்தம்.

பக்கத்து அறையில் பியூலா இருமிக்கொண்டிருக்கிறாள்.