நாலு எண்ணுவதற்குள் நின்றுபோன கம்ப்யூட்டர்

என் செல்லத் தம்பி கதிரேசா,

நீ போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது. எல்லோரும் சுகம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். ஆனால் நேற்று நம் கம்பத்துக் கம்ப்யூட்டர் கடையில் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கேட்டுவிட்டு நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய். சிரித்துக்கொள், பரவாயில்லை.

உன் பொண்டாட்டி மலர் உதிரிப் பாகங்களை வாங்கி, தனியாளாக ஒரு கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிறாள். கோம்பையில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் புதிதாக ஒன்று கேட்டிருந்தார். நீ இல்லாத கடையில் ஒரு பெண்ணை நம்பிக் கொடுப்பாரோ மாட்டாரோ என்று பயந்து, "தேனியில நல்ல ஆளு இருக்காகண்ணே, அவுகள வச்சு மாட்டித் தாரேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். தேனியில் ஆளுமில்லை, பேருமில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அவளே மாட்டினாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையை விட்டுவிடு என்று அவளை நச்சரித்தது நான்தான். பக்கத்துச் செல்போன் கடைக்காரர் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இது ஒண்ணு ஓடட்டும் மதினி. ஓடலேன்னா சாவியக் குடுத்துர்றேன்" என்றாள். சரி என்றேன். ஓடாது என்றுதான் நினைத்தேன். பில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை எதை மாட்டிவிடுவாள் என்று எனக்கு ஒரு இளக்காரம். ஒன்பது வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் சும்மாவா உட்கார்ந்திருப்பாள்? இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

நேற்றுக் காலை தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடிக்க ஆட்களை விட்டுவிட்டு, கோயிலில் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். மலர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். மேசையில் பெட்டி கருகருவென்று நின்றது. புது மோட்டார் இறக்கினாலும் ஜீப் வாங்கினாலும் பொட்டு வைக்காமல் ஓட்டுகிற வழக்கம் நமக்கு உண்டா? முன்பக்கம் வட்டமாக, நெற்றி மாதிரி ஒரு இடம் இருந்தது. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். ஓடாது என்று நினைத்தவள் எதற்குப் பொட்டு வைத்தேன்? எனக்கே தெரியவில்லை தம்பி.

மலர் வந்தாள். சாமியையும் மாலை போட்ட உன் படத்தையும் கும்பிட்டுவிட்டு, திறந்திருந்த பக்கவாட்டில் உள்ளே பார்த்தபடியே கையை முன்னால் நீட்டிப் பட்டனை அமுக்கினாள். காத்தாடி சுற்றியது, உள்ளே விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எண்ணுவதற்குள் பொசுக்கென்று நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினாள். அதே நாலு.

"எவன் கண்ணு பட்டுச்சோ, சுத்திப் போடு ஆத்தா" என்றேன்.

"மதினி, நீங்க செத்த நேரம் சும்மா இருங்க."

என்னை அப்படிச் சொல்ல உனக்குக்கூடத் தைரியம் வந்ததில்லையே! வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் வேலை பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ரேமைக் கழற்றித் துடைத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். பழைய மிஷினில் இருந்து பவர் சப்ளையை எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினாள், மாற்றியதை எழுதி வைத்தாள். எல்லாவற்றுக்கும் அதே நாலுதான். மத்தியானம் ஆகிவிட்டது. கோம்பைக்காரர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, "விட்டுருத்தா, செல்போன்காரர்ட்ட சொல்லிருவோம்" என்றேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

பட்டனில் இருந்து மதர்போர்டுக்குப் போகிற மெல்லிய வயரைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் இருந்த இரண்டு கம்பி முனைகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரே ஒரு தொடு தொட்டாள்; பட்டனை அமுக்குவதும் அதுவும் ஒன்றுதானாம். காத்தாடி சுற்றியது. நாலு போனது, பத்து போனது. நான் நூறு வரைக்கும் எண்ணினேன். திரையில் எழுத்து வந்தது.

"உள்ள எல்லாம் சுத்தமா இருக்கு மதினி. கோளாறு வெளிய இருக்கு" என்று சொல்லிக்கொண்டே முன்பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றாள். "இங்கன பொட்டு வச்சது யாரு?"

நான் நெற்றி என்று நினைத்தது பட்டன், தம்பி. சந்தனம் அதன் இடுக்கில் இறங்கி அப்பிக்கொண்டது. அமுக்கினால் உள்ளே போன பட்டன் உடனே வெளியே வரவில்லை. "யாரோ விரல எடுக்காம அமுக்கிக்கிட்டே இருக்காக, நம்மள நிறுத்தச் சொல்றாகன்னு அது நின்னுருது மதினி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கடையை மூடு மூடு என்று இத்தனை மாதம் வாயால் சொன்னது போதாதென்று, கையாலும் செய்திருக்கிறேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போனதில் இருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

நாலு மணிக்குக் கோம்பைக்காரர் வந்தார். ஓட்டிப் பார்த்தார், உள்ளே வயர்களைக் கட்டியிருந்த நேர்த்தியைக் குனிந்து பார்த்தார். "கதிரு கட்டுன மாதிரியே இருக்கு. அந்தத் தேனிக்காரரு நம்பரக் குடும்மா" என்றார்.

மலர் என்னைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்லியிருந்தால் நான்கூடக் குறை சொல்லியிருக்கமாட்டேன். அவள் சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு, "தேனிக்காரரெல்லாம் யாருமில்லண்ணே. நான்தான் மாட்டுனேன்" என்றாள்.

அவர் இன்னொரு தடவை உள்ளே குனிந்து பார்த்தார். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "வீட்ல பழசு ஒண்ணு கெடக்கும்மா. நாளைக்குக் கொண்டாரேன், என்னன்னு பாரு."

ஏலே, நீ கெட்டிக்காரன்தான், ஊரே சொல்லும். ஆனால் நீ அவசரக்காரன், நாலு தடவை நின்றிருந்தால் மதர்போர்டைத் திட்டித் திருப்பி அனுப்பியிருப்பாய். அவள் உன்னைவிடக் கெட்டி. இதைச் சொன்னால் உனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ அவளைப் பக்கத்தில் உட்கார வைத்ததே இதை நினைத்துத்தானா?

செல்போன்காரரிடம் இடம் இல்லை என்று இன்று காலையே நான் போய்ச் சொல்லிவிட்டேன். இனி இந்த வாயால் கடையை மூடு என்று சொல்லமாட்டேன், இது சத்தியம். அடுத்த வாரம் கடைப் பலகையைப் புதிதாக எழுதுகிறார்கள். உன் பேருக்குப் பக்கத்தில் அவள் பேரும் வரும். இடம் பத்தாவிட்டால் உன் எழுத்தைத்தான் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லியிருக்கிறேன். கோவித்துக்கொள்ளாதே.

மலருக்கு மதினி,
உனக்கு என்றைக்கும் அக்கா,
பேச்சியம்மாள்