அண்ணிக்கு மறுத்த ஊசி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவது ஆளும் சுகம்தானே. கால் வீக்கம் வடிந்ததா. அன்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எழுதினால்தான் எனக்கு யோசனை வரும்.

உன் அண்ணி வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதுவே ஒரு கதை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், வருகிறவர்கள் எல்லாம் முகத்துக்கு நேரேதான் இருமுவார்கள். பிரசவ விடுப்பு முடிந்து போனபோது, தொற்றுத் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள் மேல்மாடியில். கீழ்மாடியில், ஊசி போடும் இடத்தில், கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் கிடையாது என்று சுவரில் ஒட்டியிருந்தது. ஒரே கட்டடம், நடுவில் ஒரு படிக்கட்டு. கூட வேலை பார்க்கிற ஒருத்தி, "பால் நிறுத்தியாச்சுன்னு சொல்லிட்டுப் போட்டுக்கோடி, யாரு வந்து பாக்கப் போறா" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இவளும் அப்படியே சொல்லிக் கையை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வெளியே பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற உன் அப்பாவிடம் இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லவில்லை. பிள்ளை, அதுதான் நம் குண்டு, அழ ஆரம்பித்ததும் அவர் விறுவிறு என்று உள்ளே போய், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இந்தாம்மா, மொதல்ல பால் குடுத்துடு, ஊசி எங்க ஓடியா போயிடப் போகுது" என்றாராம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்து உலுக்கினேன். "பொய் சொல்றதா இருந்தா எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேணாமா" என்றார். நியாயம்தான்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அந்த நர்ஸ் அவளை ஓரமாக அழைத்துச் சொன்னாளாம், "கெடுதல்னு யாரும் கண்டுபிடிக்கலம்மா. சோதனை பண்ணினப்போ உங்கள மாதிரி இருக்கறவங்கள சேக்கவே இல்ல. சேக்காததால தெரியல, தெரியாததால கிடையாது." காய் நறுக்கும்போது இதே நினைப்புதான் எனக்கு. காப்பாற்றுவதாகச் சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள். வெளியே நிற்பவளுக்குத் தொற்று வராது என்று யார் சொன்னது. பக்கத்து வீட்டுத் தையல்காரி, பாலை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்றாள். பாலா, வேலையா. அண்ணி இரண்டையும் விடவில்லை. சம்பளமில்லாத விடுப்பில் இருந்துகொண்டு, அவ்வப்போது கீழ்மாடிக்குப் போய், "மாத்திட்டாங்களா" என்று கேட்டுவிட்டு வருவாள். அவளைத் தூரத்தில் பார்த்ததுமே நர்ஸ் தலையை ஆட்டுவாளாம், இன்னும் இல்லை என்று. போன மாதம் மாற்றிவிட்டார்கள். வேறு இடங்களில் போட்டுக்கொண்ட தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனித்துப் பார்த்து, பயமில்லை என்று தெரிந்துகொண்டார்களாம். குண்டை மடியில் வைத்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். கொஞ்சம் காய்ச்சல், கைவலி. குண்டு வழக்கம்போலக் குடித்தான், வழக்கம்போலக் கடித்தான்.

இப்போது உன் விஷயம். உனக்கு அங்கே யாரும் கதவை அடைக்கவில்லை. போட்டுக்கொள்வது நல்லது, முடிவு உன்னுடையது என்று டாக்டர் விளக்கிச் சொல்லிவிட்டார். உன் மாமியார், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன விஷப்பரீட்சை என்கிறார். மாப்பிள்ளை உன் இஷ்டம் என்று நழுவிவிட்டார். நீ என்னிடம் வந்து, "அம்மா, நீ சொல்லு" என்கிறாய். அடைத்த கதவு முன்னால் நின்ற அண்ணிக்குக் கோபமாவது துணை இருந்தது. திறந்த கதவு முன்னால் நீ தனியாக நிற்கிறாய்.

செய்து கெட்டால் நம் பழி. செய்யாமல் கெட்டால் தலையெழுத்து. எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். அதனால்தான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது பத்திரம் போலத் தெரிகிறது. உன்னைப் போல ஏழாம் மாதத்தில், தொற்று வந்து மூச்சுக்குத் திணறிய ஒருத்தியிடம் அண்ணி ரத்தம் எடுத்திருக்கிறாள். நரம்பு கிடைக்கவே இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் குண்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கும் பயம்தான். நான் டாக்டரும் இல்லை. சந்தேகம் மிச்சம் இருந்தால் அவரிடமே கேள், வாட்ஸப்பில் தேடாதே. ஆனால் நீ கேட்டது என்னை, அதனால் சொல்கிறேன். போட்டுக்கொள். மாமியார் கேட்டால், அம்மாதான் போட்டுக்கச் சொன்னாள் என்று என்மேல் போடு. அதற்குப் பிறகு உனக்கு ஒரு தும்மல் வந்தாலும் நான் சொன்னதால் வந்ததாகவே இருக்கட்டும். உன் தலையெழுத்து என்று சொல்லி ஒதுங்கி நிற்க எனக்கு மனசில்லை.

இடது பக்கமாகப் படு. தண்ணீர் நிறையக் குடி. தாயும் பிள்ளையுமாக நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நூறாண்டு நன்றாக இருங்கள். ஊசி போட்டுக்கொண்டதும் போன் செய். மனசு வராமல் பாதி வழியில் திரும்பி வந்தாலும் செய். அப்போதும் எடுப்பேன்.

உன்
அம்மா