மூன்றாம் முறை திரும்பிய மனு

தம்பி,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை.

புதுக் குடிநீர்க் குழாய்க்கு அரசு மானியம் கேட்டு எங்கள் நகராட்சி அனுப்பிய மனுவை மூன்றாம் முறையும் திருப்பிவிட்டாய். முதலில் வரைபடம் தெளிவில்லை, அடுத்து முத்திரை மங்கல். இந்த முறை காரணம்கூட எழுதவில்லை. குடிநீர்ப் பிரிவு எழுத்தராக நானே பஸ் ஏறி உன் ஆபீசுக்கு வந்தேன். அத்தனை பேர் முன்னால் முன்பின் தெரியாதவன்போல, "மேடம், அடுத்த வருஷம் போடுங்க" என்றாய். பிறகு வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி, "அக்கா, சொந்த ஊருக்கு நானே கையெழுத்துப் போட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றாய்.

அந்த நாலு பேரா சாக்கடை கலந்த தண்ணீரைக் குடிக்கிறார்கள்? உனக்குப் பயமென்றால் கோப்பை மேலே தள்ளிவிட்டிருக்கலாமே.

நேரே மாடியேறி உன் மேலதிகாரியைப் பார்த்தேன். உன் அக்கா என்பதையும் மறைக்கவில்லை. மஞ்சள் காமாலையில் படுத்த பதினோரு பிள்ளைகள் என்று மனுவில் எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது; அவர்களின் பெயர்ப் பட்டியலை மேஜையில் வைத்தேன். ஏழாவது பிள்ளைக்குத் தாய் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்தவர், "தம்பிகிட்ட இத சொல்லலையாம்மா?" என்றார்.

"மத்த பத்துப் பிள்ளைங்க போதாதா சார், அவன் கையெழுத்துப் போட?"

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார். நேற்று தெருவில் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். "மாமா ஏன் பாக்க வரல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ மனுவைத் திருப்பியதை அவளிடம் சொல்ல மனமில்லாமல், ஆபீசில் உனக்கு ரொம்ப வேலை என்று சொல்லிவைத்தேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் அதுதான்.

இப்படிக்கு,
உன் அக்கா