எதில் பாதி என்று நீ கேட்ட மாத்திரை

என் அன்பு அக்காவுக்கு,

காப்பார் சாலையில் உன் பள்ளி வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். பிள்ளைகள் இன்னும் அதை ‘ஆன்டி வேன்’ என்றே சொல்கிறார்களாம். ஆனால் நான் எழுதுவது வேறொன்றை ஒப்புக்கொள்வதற்காக.

எங்கள் மருத்துவமனையில் புதிய மருந்துகளை ஏற்பதா என்று முடிவு செய்யும் குழுவுக்கு, ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரும் மருந்தாளர் நான். படிவத்தில் ‘பயன்’ என்ற கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம். பின்னர் உனக்கும் வந்த அந்த மாத்திரைக்கு, ‘பக்கவாத ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்’ என்று எழுதினேன். ‘தீங்கு’ கட்டத்தில், ‘இரத்தக்கசிவு, அரிது’ என்றேன். இரண்டும் பொய்யில்லை. என் வரியை நம்பி மருத்துவர்கள் கையொப்பமிட்டார்கள். அவர்கள் கையொப்பத்தைப் பார்த்து நானும் நம்பினேன்.

உன் மருத்துவர் ஆபத்து பாதியாகும் என்று அதை எழுதிக் கொடுத்து, எடுப்பது உன் விருப்பம் என்றபோது, பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தாய்.

“பாதின்னா எதுல பாதிடா? எனக்கு எவ்வளவு?”

“படிச்சவங்க பார்த்து முடிவு பண்ணினது. சும்மா சாப்பிடு லா.”

“சரிங்க, பெரிய டாக்டரய்யா! மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவனுக்கு வாயைப் பாரு.”

சிரித்தோம். சில மாதங்களில் மூளையில் இரத்தக்கசிவு; நீ போய்விட்டாய். மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. அந்தச் சாக்கின் பின்னால்தான் இத்தனை நாள் ஒளிந்திருந்தேன்.

பத்துப் பேரில் நால்வர் இருவராவதும் பாதி. ஆயிரத்தில் இருவர் ஒருவராவதும் பாதி. நீ எந்தப் பாதியில் இருந்தாய் என்று பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. ஏன் பார்க்கவில்லை, அக்கா?

சென்ற மாதம் அந்தக் குழுவின் கூட்டத்தில், தலைவரின் அனுமதியோடு, உன் மாத்திரை பற்றிய ஒரே ஆய்வின் முடிவை இரண்டு மருந்துகளுடையது போல இரண்டு தாள்களில் வைத்தேன். ஒன்றில் ‘பாதி’. மற்றொன்றில், எத்தனை பேர் விழுங்கினால் ஒருவர் தப்புவார் என்ற கணக்கு.

“முதல் மருந்து ஓகே. ரெண்டாவது வேஸ்ட் லா,” என்றார் இதய நிபுணர். ஏறத்தாழ எல்லோரும் ஆமோதித்தார்கள்.

இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

“எங்களுக்கே பரீட்சையா, பாஸ்?” என்று யாரோ சிரித்தார். சிரிப்பு நீடிக்கவில்லை. படிவத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். உனக்கு இனி அதனால் என்ன?

இப்போது அத்தானுக்கும் அதே மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். அவர் நிலை வேறு. அவருக்கு அது நல்லதாகவே இருக்கலாம். நாளை கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிறார். “நீ சொன்னா சாப்பிடுறேன், மச்சான்” என்றார் தொலைபேசியில்.

அவருக்கு வாக்களிப்பதை உனக்கும் வாக்களிக்கிறேன். நன்மையையும் தீங்கையும் ஒரே அளவில், ஆள்கணக்கில் எழுதிக் காட்டுவேன். அவர் புரிந்துகொள்ளும்வரை எழமாட்டேன். அதற்கு முன், உன்னிடம் நான் பதில் சொல்லாமல் சிரித்ததைச் சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகு அவர் என்னை மச்சான் என்று அழைப்பாரா, தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன்.

நீ நம்பிய உன் தம்பி